பார்வைக் கோபுரத்தில் இரண்டு குடும்பங்கள்

பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று தங்கப்பாண்டிக்குத் தோன்றியது. அதனால் அவன் இறக்கவே இல்லை.

கண்மாய்க்கரையில் நின்ற அந்தப் பார்வைக் கோபுரத்தின் மேல்தளம் சிறியது. வடக்கு ஓரத்தில் அவனும், அவனைப் பெற்ற அய்யாவும், மாமா சின்னச்சாமியும் நின்றார்கள். தெற்கு ஓரத்தில் சத்யப்பிரியாவும் அவள் அம்மா சோலையம்மாளும்.

இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அப்படித்தான் ஏற்பாடு.

பெண் பார்க்க வீட்டுக்குப் போனால் தெருவே வாசலில் கூடிவிடும். அமையவில்லை என்றால் பேச்சு பெண்ணுக்குத்தான். கோயிலில் வைத்துப் பார்த்தால் பூ விற்கிறவளிடம் ஆரம்பித்து, கடலாடி பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால்தான் மாமா பறவைகள் சரணாலயத்தைக் கண்டுபிடித்தார். பறவை பார்க்க வந்த இடத்தில் தற்செயலாக இன்னொரு குடும்பம். பிடித்திருந்தால் பேச்சுக் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் “நேரமாச்சு” என்று இறங்கிப் போய்விடலாம். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது.

கீழே இருந்த காவலர் மட்டும், “பறவை பாக்கவா வந்தீக?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமாவின் பட்டுக்கரை வேட்டியையும் அய்யாவின் நெற்றிச் சந்தனத்தையும் பார்த்துவிட்டு, “சரி, மேல போங்க. காத்தாச்சும் வரும்” என்று விட்டுவிட்டார்.

தங்கப்பாண்டிக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ராமேஸ்வரத்தில் கடல் பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு அவனைக் கண்டதும் நேரமாகிவிட்டது. கடலைப் பார்க்க வந்தவர்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று அவன் பல நாள் யோசித்திருக்கிறான். அவனைப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் எப்போதும் ஊரில் இல்லாத நேரமாகிவிடும்.

இன்றைக்கும் அப்படி ஆகியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் படியேறும்போது மாமாவின் துண்டு ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. யாரோ பிடித்து இழுப்பதாக நினைத்து, திரும்பியும் பார்க்காமல், “ஏலே, விடுலே!” என்று அவர் அதட்டினார். கம்பி விடவில்லை. “பெரிய மனுசன்னு பாக்க மாட்டியா?” என்றார்.

மேலே நின்ற சத்யப்பிரியா சிரித்துவிட்டாள். சத்தமில்லாமல், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு.

அந்த நிமிடத்தோடு தங்கப்பாண்டி தொலைந்தான்.

“என்னாத்தடி பாக்குறாக இம்புட்டு நேரமா?” சோலையம்மாள் மகளிடம் கேட்டாள், மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி.

“ஏலே, என்ன தெரியுது?” என்றார் அய்யா.

“கூழைக்கடாய்யா,” என்றான் தங்கப்பாண்டி. “நெறைய.”

மாமா பிடித்துக்கொண்டார். “நம்ம பையன் கண்ணு அப்பிடி. மோட்டாருக்கு காயில் கட்டுற கண்ணுல்ல!” என்றார். முதுகுளத்தூரில் சொந்தக் கடை, பீடி சிகரெட் கிடையாது, மாடியில் தனி ரூம் எடுத்திருக்கிறது என்பதையெல்லாம் முகம் திருப்பாமல் கண்மாயிடமே சொல்லி முடித்தார்.

கண்மாய் ஒன்றும் சொல்லவில்லை.

சோலையம்மாள் கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து அவன் பார்க்கும் திசையில் பார்த்தாள். பிறகு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நேரமாச்சு. வா தாயி.”

இரும்புப் படியில் ஒரு செருப்புச் சத்தம். பின்னாலேயே இன்னொன்று.

“அந்தா, நாரைக் கூடு!” என்று கத்திவிட்டான் தங்கப்பாண்டி. குரல் பாதியில் உடைந்தது. “குஞ்சு பொரிச்சிருக்கு!”

அய்யா கண்களை மூடிக்கொண்டார். இருபது வயதில் ஒரு தரம் மாடு மிரண்டு வண்டியோடு ஊருணிக்குள் போனபோதும் அவர் இப்படித்தான் மூடினாராம்.

செருப்புச் சத்தம் நின்றது.

“எங்கன?”

சத்யப்பிரியா திரும்பி மேலே வந்திருந்தாள். நேராக அவன் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

அவன் பைனாகுலரைக் கொடுத்தான். அது நண்பன் பிரபு ராமேஸ்வரம் கடைத்தெருவில் வாங்கியது. அதில் ஒரு பக்கக் கண்ணாடி எப்போதும் புகைமூட்டமாகத்தான் இருக்கும். அதையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். விரலை மட்டும் எங்கோ நீட்டினான்.

அவள் அந்த விரல் போன வழியே பார்த்தாள். நடுவில் இருந்த திருகைத் திருகினாள். இன்னும் கொஞ்சம் திருகினாள். அவள் வாயைத் திறந்தால் தன் கதி என்ன என்று அவனுக்குத் தெரியும். கோபுரத்திலிருந்து குதித்தால் காலோடு போகுமா, உயிரோடு போகுமா என்று கணக்குப் போட்டான்.

“ஆமாம்மா,” என்றாள் அவள். “மூணு குஞ்சு. வாயப் பொளந்துக்கிட்டே கெடக்கு, பாவம். தாய் இன்னும் வரல. அது வந்தப்புறம் போவோம்.”

தங்கப்பாண்டி கண்மாயைப் பார்த்தான்.

மழை பொய்த்துப்போன வருடம் அது. கோபுரத்தின் அடியிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மொட்டையாக நின்ற கருவேல மரங்களுக்கடியில் யாருடையவோ வெள்ளாடுகள் படுத்திருந்தன. அந்தப் பருவம் முழுக்க ஒரு பறவைகூட அங்கே வந்து இறங்கவில்லை.

பின்னாலேயே ஏறி வந்திருந்த சோலையம்மாள் மகளைப் பார்த்தாள். வெறும் கண்மாயைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேல்படியிலேயே உட்கார்ந்தாள்.

“உக்காருங்கண்ணே,” என்றாள் அவன் அய்யாவிடம். “அது வார நேரம் வரட்டும்.”