கதையில் இல்லாதவளின் நடை

"ஹீரோவுக்கு மட்டும்தான் காலு இருக்காம்மா?"

தியேட்டர் இருட்டில் மகள் கேட்டது. முன்பல் விழுந்திருந்த வயது அவளுக்கு. திரையில் ஒரு தெருவே நடந்துகொண்டிருந்தது. சத்தம் ஒருவனுக்கு மட்டும் வந்தது.

அந்தச் சத்தம் அம்மா போட்டது.

படத்தில் நடப்பவர்களுக்குக் காலடி ஓசை கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. படப்பிடிப்பில் மைக் வசனத்தைத்தான் பிடிக்கும். காலடி, புடவை உரசல், பாத்திரம் வைக்கும் ஒலி எல்லாம் பிறகு ஓர் அடைத்த அறைக்குள், திரையைப் பார்த்துக்கொண்டே செய்யப்படுபவை.



அதன்பிறகு அந்த அறையில், திரையில் யார் நடந்தாலும் அவர்களுக்காக அவளும் நடந்தாள். டீ கொண்டுவருபவன். வாட்ச்மேன். பாடை தூக்குகிறவர்கள். யாரும் கேட்காமலேயே.

இன்று திரையில் கல்யாண மண்டபம்.

பந்தி நடக்கும் கூடத்துக்குள் ஹீரோ வருகிறான். பூட்ஸ் கால். ஒவ்வோர் அடியும் இடி மாதிரி விழ வேண்டும் என்று உத்தரவு. அவனுக்குப் பின்னால், மங்கலாக, சாம்பார் வாளியோடு ஒரு பெண் குறுக்கே போகிறாள்.

ஹீரோவின் நடையில் பாதி முடிந்ததும், அந்தப் பெண்ணுக்காகவும் தான் நடக்க வேண்டும் என்று அவள் டைரக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

டைரக்டர் உள்ளே வந்தார். காட்சி ஹீரோவுடையது, காலடியும் அவனுடையது மட்டும் போதும் என்றார். மேளம் வேறு இருக்கிறது, நேரம் இல்லை என்றார்.

"அந்தம்மா கதையிலேயே இல்ல மேடம்."

"கதையில இல்லாம இருக்கலாம் சார். பந்தியில இருக்காங்க."

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஞானராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

டைரக்டர் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் எல்லா விதமான காலடியும் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறது என்றார். அடுத்த படத்துக்கு அப்படித்தான் யோசிக்கிறாராம். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அவளுக்கு இந்த அறையை விட்டால் வேறு வேலை தெரியாது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹீரோவின் பூட்ஸை அவிழ்த்தாள். தன் காலுக்குப் பொருந்துவதற்காக உள்ளே திணித்திருந்த துணியை உருவி எடுத்தாள். கோயில் வாசலில் விடுவதுபோல இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

நடந்தால் இரண்டு பேருக்கும் நடப்பேன், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை என்றாள். குரல் உயரவில்லை.

டைரக்டர் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹீரோவின் பாதி நடை இன்னும் பாக்கி. வெளியாகும் தேதியோடு சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது.

என்னவோ செய்யுங்கள் என்றார். மேளத்துக்கு அடியில் ஒருவர் காதிலும் விழப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மேளத்துக்கு அடியிலும் கேட்கிற காது ஒன்று மேலே உண்டு. அவள் அதை நம்புகிறவள்.

ஞானராஜும் எழுந்தார். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தார். பதிவாகும்போது எரிகிற சிவப்பு விளக்கை, மறந்துவிட்டவர்போல அணைக்காமல் போனார்.

அறையில் அவள் மட்டும்.

சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்தாள். பந்தி நடக்கிற இடம் எப்போதும் ஈரம்தான். வாளியை விளிம்புவரை நிரப்பினாள். காலி வாளியோடு நடந்தால் அது வேறு நடை.

தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரையில் முகம் தெரியவில்லை. அவளுக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. இடது காலை ஊன்றுவதற்குமுன் ஒரு சின்னத் தயக்கம். இன்று காலை முதல்முறை படம் ஓடியபோதே யாரென்று தெரிந்துவிட்டது. ரஞ்சிதம் அக்கா.

டைரக்டரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசாகிவிடும். யாராயிருந்தாலும் கால் கால்தானே.

காலடி போட வருவதற்குமுன் அவளும் சினிமாவில் கூட்டத்தோடு நிற்கிறவளாகத்தான் இருந்தாள். ஒருநாள் படப்பிடிப்பின் நடுவில், அவளைப் பெற்ற அம்மாவுக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு உடனே வா என்று ஆள் வந்தது. முடியும்வரை ஒருவரும் நகரக் கூடாது என்று, கூட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த ஏஜெண்ட் சொல்லிவிட்டான். அவன் தலை திரும்பியதும், பக்கத்தில் நின்ற ரஞ்சிதம் அக்கா அவளுடைய சிவப்பு மேல்துண்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ கெளம்பு கண்ணு. கூட்டத்துல யாரு மூஞ்சியப் பாக்குறா? ஒனக்கும் சேத்து நானே நடந்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகக் கண் திறந்தபோது அவள் எதிரில் இருந்தாள்.

அந்தப் படத்தில், கவனித்துப் பார்த்தால், ரஞ்சிதம் அக்கா இந்தப் பக்கமிருந்து ஒருமுறையும் அந்தப் பக்கமிருந்து ஒருமுறையும் போவாள். ஒருமுறை துண்டோடு. ஒருமுறை துண்டில்லாமல்.

வாளியைத் தூக்கினாள். தோள் இறங்கியது.

நடந்தாள்.

வலது கால். தயக்கம். இடது கால். ஈரத்தில் உள்ளங்கால் ஒட்டிப் பிரிகிற ஓசை. வாளிக்குள் தளும்பல்.

ஹீரோவைக் கடந்து, திரையின் ஓரத்தில் அக்கா மறைந்தாள்.

காட்சிக்கு அதோடு போதும்.

அவள் நிற்கவில்லை. அறையின் மூலைவரை நடந்தாள். வாளியை மெதுவாக இறக்கி வைத்தாள். கைப்பிடி சாய்ந்து, ஒருமுறை மோதி அடங்கியது.

பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, அக்காவுக்கும் சேர்த்து இடது காலை நீட்டிக்கொண்டாள்.