பல்பு தைத்த அங்கி

அமிர்தம் அவன் மார்பைச் சுற்றி ஒயரை இழுத்துக் கட்டினாள். பேட்டரிக் கட்டைகள் இருந்த பையை இடுப்போடு இறுக்கினாள். சுவிட்சை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நான் சொல்றப்போதான் அமுக்கணும். அதுவரைக்கும் கைய அசைக்காத."

தங்கதுரை தலையாட்டினான். குலுங்கி ஓடிக்கொண்டிருந்த வேனுக்குள்ளேயே அவள் அவனுக்குக் கறுப்பு வெல்வெட் அங்கியை மாட்டி, ஒயரை அதன் உள்பக்கத்தில் சேர்த்தாள். அங்கியின் தோளிலும் மார்பிலும் அவளே தைத்த குட்டி டார்ச் பல்புகள், சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் சுற்றி வரிசையாக இருந்தன. நாடகத்தில் ராஜா மேடையேறும்போது அவை எரியும். அந்த வெளிச்சத்துக்காகவே அவர்கள் கோஷ்டியை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

ஆனால் தங்கதுரை நடிகன் இல்லை.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். உளுந்தூர்பேட்டையிலிருந்து வரும் சாலையெல்லாம் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. பஸ் ஓடாததால் ராஜா வேஷக்காரர் வந்து சேரவில்லை. மலையடிவாரத்துக் கோயிலில் அன்றைக்கு ஆட்டம் என்று வாக்குக் கொடுத்துவிட்டதால், அமிர்தம் டிரைவரையும் மத்தளக்காரரையும் மட்டும் கூட்டிக்கொண்டு வேனில் வயல் தடங்களில் புகுந்து புகுந்து வந்தாள்.

தியாகதுருகம் தாண்டிக் கரும்புக் கொல்லை ஓரத்தில்தான் தங்கதுரை கையைக் காட்டினான். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். மரம் வெட்டிய கூட்டத்தில் தானும் இருந்ததையும், தடியடியில் தப்பி ரெண்டு நாளாகக் கரும்புக்குள்ளேயே கிடப்பதையும் ஒளிக்காமல் சொன்னான். மாட்டினால் சர்க்கார் வேலைக்கு எழுதிய பரீட்சையும் போச்சு என்றான்.

டிரைவர் அம்மாசிக்குச் சம்மதம் இல்லை. பிடிபட்டால் வண்டியோடு எல்லோரும் உள்ளே போக வேண்டியதுதான் என்றான்.

"அடிபட்டவன ரோட்ல வுட்டுட்டுப் போயி இன்னா ஆட்டம் ஆடப் போறோம்?" என்றாள் அமிர்தம். அம்மாசி இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

காயத்தின் மேல் அரிதாரத்தைக் கனமாக அப்பினாள். மீசை ஒட்டி, கிரீடம் வைத்தாள். கள்ளக்குறிச்சி எல்லை வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ரோட்டின் குறுக்கே பீப்பாய்களை உருட்டிவிட்டு போலீசார் நின்றிருந்தார்கள்.

துப்பாக்கிகளைப் பார்த்தபோதுகூடத் தங்கதுரை அசையாமல்தான் உட்கார்ந்திருந்தான். "வண்டிய ஓரங்கட்டு" என்று வெளியே ஒரு கனத்த குரல் கேட்டதும், கிரீடத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

குரலுக்குரிய ஏட்டு, அம்மாசியின் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். மத்தளக்காரரைக் கேட்டார். அமிர்தத்தையும் கேட்டார். வழியெல்லாம் அடைத்துக் கிடந்ததால் நேரம் ஆகிவிட்டது என்றும், அதனால்தான் வேஷம் கட்டியே கூட்டிப் போவதாகவும் அவள் சொன்னாள். அவர் ராஜாவை ஒரு முறை பார்த்தார். பேர் கேட்கவில்லை.

போய்விடலாம் என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில், ஒரு இளம் போலீஸ்காரர் டார்ச்சை வேனுக்குள் அடித்தார். அங்கிக்குக் கீழே ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டய்யா, உள்ள ஒயரு. இடுப்புல என்னமோ கட்டிக்கினு இருக்கான்."

துப்பாக்கிகள் உயர்ந்தன. பல்பு, வெறும் பல்பு என்று அமிர்தம் சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை. ஏட்டு எல்லோரையும் தூரமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். தான் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வேனுக்குள் ஏறினார். அமிர்தம் மட்டும் இறங்காமல் உள்ளேயே நின்றாள்.

ராஜாவுக்கு எதிரே குனிந்து நின்றார். கிரீடத்தை மேலே தள்ளிவிட்டு, விளக்கைப் போடச் சொன்னார். தங்கதுரை சுவிட்சை இறுக்கிப் பிடித்தானே ஒழிய அமுக்கவில்லை. தானே போட்டுக் காட்டுகிறேன் என்று அமிர்தம் முன்னால் வந்தாள்.

"நீ இரும்மா. அவரே போடட்டும்."

தங்கதுரை அமுக்கினான். சிவப்பும் பச்சையும் ஒரே நேரத்தில் எரிந்து அவன் முகத்தில் ஏறின. நெற்றி வேர்வையில் அரிதாரம் கரைந்து வழிந்திருந்தது. புருவத்து மேல் வீக்கமும் பிளந்த தோலும் பட்டப்பகலில் பார்ப்பதுபோலத் தெரிந்தன. இத்தனை வருஷம் தன் கையால் தைத்த வெளிச்சமே ஒருத்தனைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அமிர்தத்துக்குத் தோன்றியது.

ஏட்டு அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கதுரை தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் கையை நீட்டினார். பிடித்து இழுக்கப் போகிறார் என்று அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வேன் இருட்டாக இருந்தது. சுவிட்சை அணைத்தது அவர்தான்.

"நாடகக்காரங்கதான். பீப்பாய நகத்துங்க" என்று வெளியே பார்த்துச் சொன்னார்.

இறங்கப் போனவர் திரும்பி, ராஜாவின் காதுக்குக் குனிந்தார். பக்கத்தில் நின்ற அமிர்தத்துக்கு மட்டும்தான் அது கேட்டது.

"நம்ம அம்மா ரெண்டு நாளா சாப்புடல. மொதல்ல போயி அது கண்ணுல படுடா."