சுடுகாட்டுப் பக்கம் ஒரு கிணறு

"சுடுகாட்டுப் பக்கம் வெட்டட்டும்" என்றார் விருமாண்டி.

அப்துல் அலீமுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"குடிக்கிற தண்ணிக் கிணறுங்க, பிரசிடெண்ட்!"

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

எழுமலைக்கு மேற்கே, மலையடிவாரக் கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஊர். வருஷம் 1936. கீழத்தெருக் கூலி ஜனங்களுக்கு ஒரு கிணறு வெட்டித்தர ஜில்லா போர்டு உத்தரவு போட்டிருந்தது. பாவப்பட்ட ஜனம். கண்மாய்க்குள் பள்ளம் தோண்டி, மாடு கலக்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் காலராவில் அந்தத் தெருவில் ஏழு பேர் செத்தார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஓவர்சியர் வந்திருந்தார். அவசரக்காரர்.

"ரெண்டு இடத்துல ஊத்து நல்லா இருக்கு. ஒண்ணு வடக்குத்தெரு முனையில, சாவடிப் பக்கம். இன்னொண்ணு, கண்மாய்க் கரைக்கு அந்தாண்டை, சுடுகாட்டுக்குப் போற வழியில. ஏதாவது ஒண்ணை இன்னிக்கே எழுதிக் குடுங்க. இல்லேன்னா உத்தரவு வேற ஊருக்குப் போயிரும்."

பஞ்சாயத்து மெம்பர்களில் அன்றைக்கு வந்தது மூன்றே பேர். பிரசிடெண்ட் விருமாண்டி. வடக்குத்தெருக் காசிமாயன். மதுரையிலிருந்து வந்து ஊரில் துணிக்கடை போட்டு ஒரு வருஷம் ஆன அப்துல் அலீம்.

"சாவடிப் பக்கந்தான் நியாயம்" என்றார் அலீம். "அவங்க தெருவுக்குக் கிட்டக்க. பொம்பளைங்க குடம் சுமக்கணுமில்ல?"

"சாயபு சொல்றது ரொம்பச் சரி" என்றார் காசிமாயன். "பாவம், எம்புட்டுத் தூரம் நடப்பாக? சாவடிப் பக்கமே வெட்டுங்க."

காசிமாயன் வாயிலிருந்து இரக்கம் வந்ததில் அலீமுக்கே ஆச்சரியம்.

"நடந்தா என்ன, கால் தேஞ்சா போகும்?" என்றார் விருமாண்டி. "வயக்காட்டுக்கு நடக்கலையா?"

"நெஞ்சுல ஈரம் இருக்காங்க உங்களுக்கு? பொணம் எரியற வழியில போய்த் தண்ணி மோக்கச் சொல்றீங்களே!"

"என் கருத்தைச் சொல்லிட்டேன். கையைத் தூக்குங்க."

சாவடிப் பக்கத்துக்கு இரண்டு கை. ஓவர்சியர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

கீழத்தெரு மலையம்மாள். தலைவிரி கோலமாக நின்றாள். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள்.

"எங்களுக்குச் சுடுகாட்டுத் தண்ணியா? உங்க நாக்கு அழுகிப் போகும், பிரசிடெண்ட்டு அய்யா!"

குனிந்து மண்ணை வாரி எறிந்தாள். பாதி விருமாண்டியின் மேலே விழுந்தது. அவர் துண்டால் தட்டிக்கொண்டார்.

"சாவடிப் பக்கந்தேன் எங்களுக்கு வேணும்!" அவள் காசிமாயனைப் பார்த்துத் திரும்பினாள். "வடக்குத்தெரு வழியா, உங்க வீட்டு வாசல் வழியா, காலையிலயும் சாயந்தரமும் குடத்தோட வருவோம். பாதையில எங்களுக்கும் பாத்தியதை உண்டு. எவன் தடுக்குறான்னு பாத்துர்றோம்!"

காசிமாயன் துள்ளி எழுந்தார்.

"எவ அவ? என் வீட்டு வாசல் வழியாவா?"

"ஆமா! அதுல என்ன தப்பு?"

"யோவ் ஓவர்சியர், நிறுத்து! இவ கேட்டு நான் குடுக்கிறதா? அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. சுடுகாட்டுப் பக்கமே வெட்டுங்க. இந்தா, என் கையி!"

அலீம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காசிமாயன் காதில் ஏறவில்லை. இரண்டுக்கு ஒன்று. கையெழுத்து விழுந்தது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். காசிமாயன் மீசையைத் தடவியபடி வீட்டுக்குப் போனார்.

ஓவர்சியர் முளை அடிக்கக் கிளம்பினார். விருமாண்டியும் கூடவே போனார். அலீம் மனசு கேட்காமல் பின்னாலேயே போனார்.

இடத்துக்கு முன்னமே வந்து மலையம்மாள் கண்மாய்க் கரைமேல் உட்கார்ந்திருந்தாள். தலையை முடிந்திருந்தாள்.

முளை இறங்கியதும் அலீம் அவளிடம் போனார். "மன்னிச்சிரும்மா. என்னால முடியலை."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"காசிமாயன் அய்யா வரலையே?"

"வரலை" என்றார் விருமாண்டி. "வீட்டுல போய்ப் படுத்துட்டான்."

"ஓவர்சியர் அய்யா, எழுதுனதை இனிமே மாத்த முடியாதுல்ல?"

"முளையே அடிச்சாச்சு. இனி எவன் மாத்துவான்?"

மலையம்மாள் பெரிதாக மூச்சு விட்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"சாமி, மண்ணு கண்ணுல விழுந்துருச்சா? வேகத்துல கொஞ்சம் கூடிப்போச்சு."

"மண்ணு பரவாயில்லை" என்றார் விருமாண்டி. "நாக்கு அழுகிப் போகும்னு நாம பேசவே இல்லையே. அது எங்கேருந்து வந்துச்சு?"

அலீம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உமக்குப் பொய் வராது, சாயபு" என்றார் விருமாண்டி. " மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

"அதெல்லாம் இருக்கட்டும். கிட்டக்க இருக்கிற இடத்தை விட்டுட்டு, இங்க வந்து தண்ணி எடுக்கணும்னு உனக்கு என்னம்மா தலையெழுத்து?"

மலையம்மாள் எழுந்து சேலை மண்ணைத் தட்டினாள்.

"சாவடிப் பக்கம் வடக்குத்தெருக்காரக தண்ணி எடுக்கிற கெணறு ரெண்டு இருக்குல்ல சாயபு? ரெண்டுமே போர்டு எங்களுக்குன்னு வெட்டுனதுதேன்."