வாசலோர இடம்

லைசென்ஸ் பறிபோன மறுநாளே அவளுடைய இடத்தில் ஹாரன் தன் டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ஹாரன் என்பது ஸ்டாண்டில் அவருக்கு வைத்த பெயர். வண்டிக்கு முன்னால் ஈ பறந்தால்கூட ஹாரன் அடிக்கிற மனிதர்.

ரயில் நிலைய டாக்ஸி ஸ்டாண்டில் வாசலை ஒட்டிய இடம் அது. வெளியே வருகிற பயணியின் கண்ணில் முதலில் படுவது அங்கே நிற்கும் வண்டிதான். அப்பாவுக்குப் பார்வை மங்கியதும் வண்டியையும் இடத்தையும் மகளுக்கு விட்டுக்கொடுத்தார். இடத்தை வைத்திருப்பவர் தனக்கு வேண்டியவருக்கு விட்டுக்கொடுக்க ஓட்டுநர் சங்கத்தில் அனுமதி உண்டு. இருபது வயதில் அவள் சம்பாத்தியத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஆனால் லைசென்ஸ் இல்லாதவருக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது. காலியாகும் இடத்தை உள்ளே இருப்பவர் கேட்டால் அவருக்கு முதல் உரிமை. யாரும் கேட்காவிட்டால் வெளியே தெருவில் வருஷக்கணக்கில் காத்திருக்கும் வண்டிகளில் முதல் ஆளுக்கு.

அவள் செய்தது முட்டாள்தனம்தான். தோழி கையில் திணித்த கஞ்சாப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி, டாஷ்போர்டுக்குள் போட்டு மறந்துபோனாள். சாலைச் சோதனையில் போலீஸ்காரர் அதை வெளியே எடுத்து யாருடையது என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்."

எந்தப் பயணியோ விட்டுவிட்டுப் போனது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். அவளுக்கு அது வரவில்லை.

அவள் புகைத்திருக்கவில்லை. ரத்தப் பரிசோதனையும் சுத்தம். இருந்தாலும் இருபத்தொரு வயது ஆகாத ஓட்டுநரிடம் துளி கஞ்சா சிக்கினாலே லைசென்ஸுக்கு ஆறு மாதம் தடை என்பது அந்த ஊர்ச் சட்டம். முதல் தடவை என்பதால் ஜெயில் இல்லை. போதைத் தடுப்பு வகுப்புக்கு ஒழுங்காகப் போய்வந்தால் வழக்கு பதிவில் நிற்காது என்றார் நீதிபதி.

கோர்ட் அவ்வளவோடு விட்டது. மற்றவர்கள் விடவில்லை. பொண்ணு கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால் இப்படித்தான் என்று அத்தை போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

எப்படியாவது இடத்தைக் காப்பாற்றித் தரும்படி சங்கச் செயலாளரிடம் கெஞ்சலாம் என்று ஸ்டாண்டுக்கு வந்தபோதுதான் ஹாரனின் வண்டி அங்கே நின்றது.

"மாமா, இது எங்க இடம்."

"இருந்துச்சு. இப்ப என்னோடது. சங்கத்துல சொல்லியாச்சு."

"ஆறு மாசத்துல வந்துருவேன்."

"வா. வந்தப்புறம் பேசு."

அப்பா காலத்திலிருந்தே அந்த இடத்தின் மேல் அவருக்கு ஒரு கண் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று திரும்பி நடந்தாள்.

கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டக்கூடாத வண்டிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஸ்டாண்டை எட்டிப் பார்ப்பாள். வாசலோரம் ஹாரனின் வண்டி ஜம்மென்று நிற்கும். இரு, வருகிறேன் என்று பல்லைக் கடிப்பாள். தினமும் காலையில் அவளை எழுப்பியதே அந்த வைராக்கியம்தான்.

தடை முடிந்தது. மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒரு தப்பு இல்லாமல் ஓட்டிக் காட்டி லைசென்ஸைக் கையில் வாங்கினாள்.

அன்றைக்கே அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தாள். மொத்த ஸ்டாண்டும் திரும்பிப் பார்த்தது. ஹாரனின் வண்டிக்கு எதிரே நிறுத்திவிட்டு இறங்கினாள். வக்கீல் தோற்றுப்போகும் அளவுக்கு வாதம் தயாராக இருந்தது.

"மாமா, வண்டிய எடுங்க. இல்லேன்னா சங்கத்தைக் கூப்பிடுங்க."

ஹாரன் கையை நீட்டி லைசென்ஸை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நின்ற சங்கச் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"என் இடத்தை இவளுக்கு விட்டுக்கொடுக்கறேன்."

அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தயாரித்த வாதத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரே திருப்பில் வண்டியைக் கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினாள். ஓட்டுநர்கள் கை தட்டினார்கள், ஒருவர் விசிலே அடித்தார். ஆறு மாத வயிற்றெரிச்சல் அடங்கி, உடம்பு முழுக்கச் சந்தோஷம் பொங்கியது.

"பயந்துட்டார் பாத்தீங்களா?" என்று சிரித்தாள்.

செயலாளர் சிரிக்கவில்லை.

"பயமா? நீ எப்ப வருவேன்னு மாசாமாசம் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. உனக்காகப் பிடிச்சு வைக்கறேன்னு சொன்னா சங்கம் ஒத்துக்குமா? அதான் எனக்கே வேணும்னு கேட்டு வாங்கினார்."

அதை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. "அப்ப அவரோட பழைய இடம்?"

"அது அன்னைக்கே தெருவுல முதல்ல காத்திருந்தவருக்குப் போயிடுச்சு."

அவள் தெருவுக்கு ஓடினாள். காத்திருக்கும் வண்டிகளுக்கெல்லாம் கடைசியில், சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு கிடந்தார் ஹாரன். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ரயில் வர்ற நேரத்துல இங்க என்ன வேலை? போய் வண்டியில ஏறு."

அவள் நகரவில்லை. "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"கோர்ட்டு உனக்கு ஆறு மாசம்னுதானே சொல்லுச்சு," என்றார் அவர். "ஆயுசுக்கும்னு சொல்லலையே."