இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை

“நான் யாருன்னு தெரிஞ்சுதான் காக்க வைக்கிறியா?”

ஹெட்போனுக்குள் அந்தக் குரல் இடியாக இறங்கியது.

“தெரியும் சார். இருந்தாலும் கொஞ்சம் காத்திருக்கணும்” என்றாள் அவள்.

விஷயம் இதுதான். அவர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு மரக்கிளை விழுந்து கிடக்கிறது. காரை வெளியே எடுக்க முடியவில்லை. பதினோரு மணிக்கு அவர் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். அவள் விலாசம் கேட்டதற்கும் ஒரு பாட்டு விழுந்தது. விலாசத்தை வேறு தன் வாயால் சொல்ல வேண்டுமா என்று குதித்தார். பதிவில் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி, வாங்கிக்கொண்டு, ஹோல்ட் பொத்தானை அழுத்தினாள்.

அந்த அவசர உதவி மையத்தில் அவளுக்கு அன்று பரீட்சை. ஆறு மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. இனி நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று முடிவுசெய்யும் சூப்பர்வைசர், இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே ‘முசுடு’ என்று பெயர். லேசில் யாருக்கும் மார்க் போட மாட்டார்.

விதி எளிமையானதுதான். உயிருக்கு ஆபத்தில்லாத அழைப்பைக் காக்க வைக்கலாம். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். கையில் ஓர் உயிர் ஊசலாடினால் மட்டும் அதற்கு விலக்கு. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் வரிசையை மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வரியில் சறுக்கி வேலையை இழந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

முதல் தடவை காக்க வைத்தது ஒரு பஸ் விபத்துக்காக. இரண்டாவது, ஒரு வீட்டில் கேஸ் கசிவு. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கிளையை வெட்ட ஆள் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அழைப்பு வந்தது. கைக்குழந்தை சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டதாம், மூச்சு வரவில்லையாம். தாய் கதறினாள்.

“குழந்தையைக் கையில குப்புறப் போடுங்க. தலை தாழ்ந்து இருக்கட்டும். முதுகுல தட்டுங்க, நான் எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு...”

நான்காவது நிமிடம் அந்தப் பக்கம் வீல் என்று ஓர் அழுகை. அதற்குள் ஆம்புலன்ஸும் தெருமுனைக்கு வந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளைக்காரரிடம் திரும்பினாள்.

“மன்னிக்கணும் சார். நாலு நிமிஷம் ஆயிடுச்சு. ஆள் வர்றாங்க.”

“இருக்கட்டும். உன்னை எங்க பாக்கணுமோ அங்க பாத்துக்கிறேன்” என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

முசுடு ஹெட்போனைக் கழற்றினார். “யாரு, பெரிய இடமா?”

“ரொம்பப் பெரிய இடம் சார்.”

“பயமா இல்லையா?”

“இருந்துச்சு சார். குழந்தை அழுததும் போயிடுச்சு.”

அவர் பேனாவை எடுத்தார். தாளில் முழு மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். அந்த மையத்தில் அவர் முழு மார்க் போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் நிரந்தர உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தன் தெருவுக்குள் திரும்பியதும், போன பயம் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. நடை தானாகவே மெதுவானது.

அறுத்து ஓரமாகப் போட்டிருந்த மரக்கிளையைத் தாண்டித்தான் அவள் தன் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவள் வந்ததைக் கவனிக்காமல், தெருவுக்கே கேட்கும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார் அவளுடைய மாமனார்.

“மாமனாருன்னு தெரிஞ்சும் என்னையே மூணு தடவை காக்க வெச்சுட்டா என் மருமக. இனிமே இந்த ஊர்ல யாருக்கு ஆபத்துன்னாலும் தைரியமா போன் பண்ணலாம்யா.”