இரண்டு ஸ்டியரிங்

சின்னச் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை இரண்டு கையாலும் ஓங்கி, விமானத்துக்குள் பக்கத்து சீட்டில் இருந்தவரின் முகத்தில் அந்தப் பெண் அடித்தாள். ஒன்றல்ல, மூன்று அடி. தண்ணீர் டேங்கரின் மேலே ஏறி மூடியைத் திறந்துகொண்டிருந்த அர்ஜுனன் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

அந்தக் குட்டி விமானம் அவ்வளவு தாழ்வாக வந்தது. இன்ஜின் நின்றுபோய், சத்தமே இல்லாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி இறங்கியது. வைட்ஃபீல்டைத் தாண்டி அடுக்குமாடி கட்டுகிற சைட் அது. விமானம் நேராக அங்கிருந்த தகரக் கொட்டகையைப் பார்த்து வந்தது. கொட்டகைக்குள் அர்ஜுனனின் மனைவி யசோதா வேலையாட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அடி விழுந்த மறுநொடி விமானம் தலையைத் தாழ்த்திச் சரேலென்று திரும்பியது. றெக்கை கொட்டகையின் ஓரத் தகரத்தைக் கிழித்தது. அப்படியே மண்ணில் வயிறு தேய்ந்து, ஜல்லிக் குவியலில் முட்டி நின்றது.

யசோதா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். அவளை முழுசாகப் பார்த்த பிறகுதான் அர்ஜுனனுக்கு மூச்சு வந்தது. கூடவே வெறியும் வந்தது.

ஓடிப்போய்க் கதவைப் பிடுங்கினான். இடப்பக்கம், மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மூக்கு உடைந்து மயங்கிக் கிடந்தார். வலப்பக்கம் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டுமாக அந்தப் பெண். இருபத்தைந்து இருந்தால் அதிகம். ஆளுக்கொரு ஸ்டியரிங் வைத்த வண்டியை அர்ஜுனன் அன்றைக்குத்தான் பார்க்கிறான். அதைப் பற்றியெல்லாம் யோசிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

"பெட்ரோல் கொட்டுது. முதல்ல அவரை இறக்குங்க," என்றாள் அவள்.

அவரைப் பூப்போல இறக்கினார்கள். அவளை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

"அண்ணா, அவர் ஸ்டியரிங்கை விட மாட்டேன்னு..."

முடிப்பதற்குள் அர்ஜுனனின் அறை வாயிலேயே விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"கேப்டனையே கொல்லப் பாத்தியாடி? என் பொண்டாட்டி உள்ள இருந்தாடி."

விலாவில் உதைத்தான். கம்பி கட்டுகிற அய்யாவு, கையிலிருந்த கம்பியால் அவள் முழங்கையில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆளாளுக்கு ஓர் உதை விட்டார்கள். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் அடிக்கிற கைகளுக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்? நினைவு தப்பியவளைத் தூணில் கட்டிவைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டார்கள்.

அர்ஜுனன் டேங்கர் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து அந்தப் பெரியவரின் முகத்தில் தெளித்தான். அவர் மெல்லக் கண் திறந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

"கேப்டன் சார், ரத்தம் கொட்டக் கொட்ட வண்டியைத் திருப்பினீங்களே. என் யசோதா உயிரோட இருக்கறது உங்களாலதான் சார்."

அவர் தலையைத் திருப்பித் தேடினார். தூணில் தொங்கிய உடம்பைப் பார்த்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்ஜின் நின்னதும் பயத்துல ஸ்டியரிங்கை நான்தான்ப்பா கெட்டியா பிடிச்சுண்டேன். அடிக்கலேன்னா விட்டிருக்கவே மாட்டேன்."

அர்ஜுனனுக்குப் புரியவில்லை. அவர் உடைந்த மூக்கோடு விம்மினார்.

"கட்டை அவுத்து விடுங்கோப்பா. அந்தப் பொண்ணுதான் எனக்கு டீச்சர்."