மொம்பாசா வீடு

இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால், அப்புறம் எனக்கென்று ஒரு வாசல் இருக்குமா?

விற்பனைப் பத்திரத்தைப் பார்த்தபடி ஜொகரா பேனாவைத் திறந்தாள். கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் இந்த வீடு, அவள் கல்யாணத்துக்கு அவளுடைய வாப்பா எழுதிவைத்தது. அதை விற்று ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில் வீடு வாங்கலாம் என்கிறான், கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் கணவன் கமாலுதீன்.

“என்ன புள்ள பயம்? உங்க வாப்பா கடை வச்சிருந்த ஊருதானே! வயசான காலத்துல கடலைப் பாத்துக்கிட்டு சாயா குடிக்கலாம்.”

“வீட்டை நீங்க பாத்தீங்களா மச்சான்?”

“பாத்தேனாவா? மூணு நாள் அங்கேயேதான் தங்கினேன். அஞ்சு வேளையும் அந்தக் கூடத்துலதான் தொழுதேன்.”

“பாயை எந்தப் பக்கம் பாத்து விரிச்சீங்க?”

அவன் சிரித்துவிட்டான். “நல்ல கேள்வி! இங்க மாதிரியே மேற்கே பாத்துத்தான்.”

ஜொகரா பேனா முனையைப் பின்னுக்கு இழுத்தாள். மொம்பாசாவிலிருந்து திரும்பிய புதிதில் வாப்பா பழக்கத்தில் வடக்கே பார்த்துப் பாயை விரித்துவிட்டு, “அந்த ஊருக்கு மக்கா வடக்கேல்ல இருக்கு” என்று அசடு வழிந்தது நினைவுக்கு வந்தது.

அப்படியானால் இவன் அங்கே ஒரு வேளைகூடத் தொழவில்லை; அந்த வீட்டில் தங்கினேன் என்பதும் பொய்.

பத்திரத்தை நீட்டியபடி நிற்பவனை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

“நான் போடலை மச்சான்.”